கல்சியமும் தாவர உயிரும்: ஓர் அறிவின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்த நாடு. மயோசீன் காலத்திற் கடலடியிற் படிந்த சுண்ணக்கற் படையே எமது மண்ணுக்குப் பாறையாயும் எமது கிணறுகளுக்கு நீர்த்தாங்கியாயும் விளங்குகின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத இந்நிலத்தில், மாரியிற் பெய்யும் நீரைத் தன் வெடிப்புகளில் ஏற்றுவைத்துக் கோடையில் எமக்கு அளிப்பது இக்கல்லே. இதனைச் சூளையிற் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம், சுவருக்கு வெள்ளை பூசினோம், வெற்றிலையிற் தடவினோம், பனஞ்சாறு புளியாது கருப்பநீராய் இருத்தற்பொருட்டு முட்டியின் உட்புறத்தே பூசினோம். காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டு தொடங்கி 1990ஆம் ஆண்டுவரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கும் இக்கல்லே மூலப்பொருளாயிற்று.

இக்கல்லின் முதன்மையான மூலகம் கல்சியம். கிணற்று நீரிற் கரைந்து வந்து கேத்திலின் அடியில் வெண்படலமாகப் படிவது அதன் உப்பே. அந்நீரையே எமது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் நாள்தோறும் உறிஞ்சுகின்றன. உறிஞ்சிய கல்சியத்தைத் தாவரம் யாது செய்கின்றது? வினா எளிது. ஆயின் அதற்கு ஓரளவு நிறைவான விடை கிடைத்தற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. அவ்விடை எவ்வாறு வந்தது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு கற்பிப்போன் தாவரவியலுட் புகுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். அரசர்க்கும் நாடுகளுக்கும் வரலாறு இருத்தல்போல அறிவுக்கும் வரலாறு உண்டு. மேலும், இவ்வரலாற்றின் நடுவே எம்மவர் பெருமையுடன் பேசும் இந்திய விஞ்ஞானி ஒருவர் நிற்கின்றார். அவரைப் பற்றி மேடைகளிற் கூறப்படுவனவற்றுள் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதைப் பகுத்தறிதற்கும் இவ்வரலாறு துணைசெய்யும்.

கழிவுப் பொருள் என்ற கருத்து

கருணைக்கிழங்கை அரைகுறையாக வேகவைத்து உண்டால் நாவும் தொண்டையும் அரிக்கும் என்பதை எமது இல்லத்தரசியர் நன்கு அறிவர். அதனாலேயே புளி சேர்த்துச் சமைப்பர். அவ்வரிப்புக்கு ஒரு காரணம், அக்கிழங்கின் கலங்களுள்ளே கட்டுக்கட்டாகக் கிடக்கும் ஊசி போன்ற நுண்பளிங்குகள். இத்தகைய பளிங்குகளைத் தாவரங்களில் முதலிற் கண்டவர், 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டிலே தாமே வில்லை கடைந்து நுணுக்குக்காட்டி செய்த லீவன்ஹூக் என்பவர். அவை கல்சியம் ஒட்சலேற்று என்னும் உப்பாலாயவை என்பது பின்னரே தெளிவாயிற்று. கல்சியம் என்னும் மூலகமே, 1808ஆம் ஆண்டில் சேர் ஹம்பிரி டேவி இலண்டனில் மின்பகுப்பின் மூலம் பிரித்தெடுக்கும்வரை, தனித்து அறியப்படவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நொப் என்னும் ஜேர்மானிய அறிஞர், மண்ணே இன்றி உப்புகள் கரைந்த நீரிற் செடிகளை வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். ஒவ்வோர் உப்பாக நீக்கிப் பார்த்தபோது, கல்சியமின்றேல் வேர்நுனியும் தளிரும் மடிவதைக் கண்டனர். ஆகவே கல்சியம் தாவரத்துக்கு இன்றியமையாதது என்பது உறுதியாயிற்று. அவ்வேளையில் மேலைநாட்டு இரசாயனம் தமிழிலும் வந்துகொண்டிருந்தது. மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875ஆம் ஆண்டிற் தமிழில் வெளிவந்தமை எம்மவர் மறக்கலாகாத செய்தி.

கல்சியம் வேண்டும் என்று அறிந்தார்களேயன்றி, அது ஏன் வேண்டும் என்பதை அக்காலத்தார் அறிந்திலர். கலச்சுவருக்கு உறுதியளிக்கும் ஒருவகைச் சாந்து அது எனவும், எஞ்சியது ஒட்சலேற்றாகிக் கழிவுபோல ஒதுக்கப்படுகின்றது எனவும் பலர் கருதினர். அக்கருத்தில் ஒரு பகுதி உண்மையே. கலச்சுவரிலுள்ள பெற்றின் என்னும் பொருளைக் கல்சியம் பிணைத்து இறுக்குகின்றது என்பது இன்றும் பாடநூல்கள் கூறும் உண்மை. ஆயினும் கட்டடத்துக்குச் சாந்து வேண்டும் என்று அறிந்தவன் அக்கட்டடத்தில் வாழ்வோரின் பேச்சை அறிந்தவன் ஆகான். கல்சியத்தின் இரண்டாந் தொழில் அப்போது மறைந்தே கிடந்தது.

இலண்டன் மாநகரின் குழாய்நீர்

அதற்கு முதற் குறிப்பு தாவரத்திலிருந்து வரவில்லை. தவளையின் இதயத்திலிருந்து வந்தது. சிட்னி ரிங்கர் என்னும் ஆங்கில வைத்தியர், உடலிலிருந்து எடுத்த தவளை இதயத்தை உப்புநீரில் வைத்து அதன் துடிப்பை ஆராய்ந்துவந்தார். முன்னர் நெடுநேரம் துடித்த இதயம், காய்ச்சி வடித்த நீரிற் கரைசலை ஆக்கியபோது விரைவில் ஓய்ந்துவிட்டது. காரணத்தை நாடியபோது, முந்திய கரைசல்கள் இலண்டன் குழாய்நீரில் ஆக்கப்பட்டவை எனத் தெரிந்தது. சுண்ணம் கலந்த வன்னீர் அது. அந்நீரிலிருந்த கல்சியமே இதயத்தை இயக்கியது என ரிங்கர் 1883ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

எமது கிணற்று நீரை நிகர்த்த வன்னீர் ஒன்று இவ்வளவு பெரிய உண்மையை வெளிப்படுத்தியது. அன்றுமுதல், கல்சியம் கட்டடப் பொருள் மட்டுமன்று, உயிர்த்தொழிலை ஏவும் பொருளும் ஆகும் என்ற எண்ணம் விலங்கியலில் வேரூன்றிற்று. ஆயின் அவ்வெண்ணம் தாவரவியலிற் புகுதற்கு மேலும் பல பதின்மங்கள் சென்றன. தாவரத்துக்குத் துடிக்கும் இதயமும் இல்லை, சுருங்கும் தசையும் இல்லை. ஆதலின் ஏவுதற்கு யாது உண்டு என்று பலரும் எண்ணினர். அவ்வாறு எண்ணாதவர் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார்.

போஸ் எழுப்பிய வழக்கு

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு வங்காளத்தில் மைமன்சிங்கிற் பிறந்தவர். 1885ஆம் ஆண்டுமுதற் கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் பௌதிகம் கற்பித்தவர். மின்னலைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற அவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் தாவரங்களின்பால் திரும்பினார். தொட்டாற்சுருங்கியைத் தீண்டினால் இலை கூம்புகின்றது. அதற்கு முன்னே தண்டினூடாக ஒரு மின்மாற்றம் செல்கின்றது. அம்மாற்றத்தைத் தாமே வகுத்த நுண்கருவிகளால் அளந்து, அசையாத சாதாரணத் தாவரங்களிலும் அது நிகழ்வதைக் காட்டினார்.

தாவரத்தில் மின்மாற்றத்தை முதலில் அளந்தவர் போஸ் அல்லர் என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். சாள்ஸ் டார்வினின் தூண்டுதலால், சேர் ஜோன் பேர்டன் சாண்டர்சன் என்னும் ஆங்கில உடற்றொழிலறிஞர், பூச்சியை அகப்படுத்தும் வீனசுப் பொறிச்செடியில் 1873ஆம் ஆண்டளவில் அதனைக் கண்டிருந்தார். ஆயின் அத்தன்மை விரைந்து அசையும் சில செடிகளுக்கே உரியது என்பது அவர் முடிபு. எல்லாத் தாவரங்களுக்கும் உரியது என்று போஸ் கூறியபோது, அம்முடிபோடு அது நேரே மோதியது. 1901ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இலண்டன் உரோயல் நிறுவனத்திற் போஸ் ஆற்றிய விரிவுரை பாராட்டப்பட்டது. அடுத்த மாதம் உரோயல் கழகத்தில் அவர் கூறியதைச் சாண்டர்சன் எதிர்த்தார். மின் தூண்டற்பேறு என்ற சொல்லைத் தாவரத்துக்கு வழங்குதல் பொருந்தாது என்றார். போஸின் கட்டுரை அச்சேறாது ஆவணப் பெட்டியில் வைக்கப்பட்டது. அவரோ சோராது 1902ஆம் ஆண்டிற் தம் கருத்துகளை நூலாகவே வெளியிட்டார். 1906, 1907, 1913ஆம் ஆண்டுகளிலும் பெருநூல்கள் எழுதினார். 1917ஆம் ஆண்டிற் தம் பெயரால் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். 1920ஆம் ஆண்டில் அதே உரோயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

இவ்வழக்கில் வென்றவர் யார்? உடனே தீர்ப்புக் கூறுதல் அவசரம். மின்மாற்றம் தாவரமெங்கும் உண்டு என்பதிற் போஸ் சரியாகவே கூறினார். ஆயின் அதனைக் கொண்டு தாவரத்துக்கு நரம்பு உண்டு என்று பேசியதும், வேரிலிருந்து நீர் மேலேறுவது கலங்களின் துடிப்பால் என்று 1923ஆம் ஆண்டில் நிலைநாட்ட முயன்றதும் பிற்காலத்தில் ஏற்கப்படவில்லை. நீரேற்றத்துக்கு, இலையில் நிகழும் ஆவியுயிர்ப்பின் இழுவையே காரணம் என 1894ஆம் ஆண்டில் டிக்சனும் யோலியும் கூறிய கொள்கையே நிலைத்தது. போஸ் கண்ட அதிர்வு கலத்தினுள்ளே எப்பொருளால் தாங்கப்படுகின்றது என்பதை அறியும் கருவி அக்காலத்தில் எவரிடமும் இல்லை. விடை கலத்தின் உட்சவ்வுகளிற் கிடந்தது.

உட்சவ்வும் அதன் இருபுறமும்

முதிர்ந்த தாவரக் கலத்தினுள்ளே பெரும்பகுதியை நிரப்பிக்கொண்டு ஒரு நீர்ப்பை உள்ளது. அதனைப் புன்வெற்றிடம் என்பர். பெயர் வெற்றிடமாயினும் அது வெறுமையன்று. உப்புகளும் அமிலங்களும் நிறங்களும் சேரும் களஞ்சியம் அது. அதனைச் சூழ்ந்து தனிச் சவ்வு ஒன்று உண்டு என்பதைத் தெளிவுபடுத்தி, 1885ஆம் ஆண்டில் அதற்கு டோனோபிளாஸ்ட் எனப் பெயரிட்டவர் ஒல்லாந்தரான ஹியூகோ டி வ்ரீஸ். மெண்டலின் மரபுவிதிகளை 1900ஆம் ஆண்டில் மீட்டெடுத்தோருள் ஒருவராக எமது மாணாக்கர் அறிந்திருப்பவர் இவரே. இப்பைக்கும் கலத்தின் புறச்சவ்வுக்கும் இடையே மெல்லிய படையாகக் கிடப்பது குழியவுரு. உயிர்த்தொழிலிற் பெரும்பகுதி நிகழும் இடம் அது.

கல்சியம் இம்மூன்று இடங்களிலும் ஒரேயளவாக இல்லை என்பதே இவ்வரலாற்றின் திறவுகோல். ஒரு லீற்றர்க் குழியவுருவிற் கட்டின்றித் திரியும் கல்சியம், அமைதியான வேளையில், ஏறத்தாழ 4 மைக்கிரோகிராம் மட்டுமே. அதனை அடுத்துள்ள புன்வெற்றிடத்தில் லீற்றருக்கு 40 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்டு. இருபுறமும் 10,000 மடங்கு வேறுபாடு. இடையில் நிற்பதோ, ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள சவ்வு. கலத்துக்கு வெளியேயும் அவ்வாறே கல்சியம் மிகுந்துள்ளது. சூழவும் கடலிருக்க நடுவே உவரேறாது காக்கப்படும் நன்னீர்க் கிணறு போன்றது குழியவுருவின் நிலை.

ஏன் இக்காவல்? கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்தாற் கரையாத உப்புப் படியும். எமது எலும்பின் பொருள் அவ்வகைப்பட்டதே. கலமோ தன் ஆற்றல் வழக்கு முழுவதையும் அடினோசின் முப்பொசுபேற்று என்னும் பொசுபேற்றுச் சேர்வையால் நடத்துகின்றது. கல்சியம் கட்டின்றிப் புகுமாயின் அவ்வழக்கு முடங்கும். ஆகவே, கல்சியத்தைப் புறத்தே நிறுத்துவது உயிரின் மிகப் பழைய தேவைகளுள் ஒன்று. ஆனால் இத்தேவையே வேறொரு பயனையும் தந்தது. ஓசையற்ற மண்டபத்திற் சிறு மணியும் கேட்குமன்றோ? கல்சியம் மிக அரிதாய் உள்ள இடத்தில், வாயில் ஒன்று கணப்பொழுது திறந்து சிறிது புகுந்தாலும், அது பல மடங்கு உயர்வாகும், செய்தியாகும். மிகுதியாய் உள்ள இடத்தில் அதே அளவு புகுந்தாற் பொருளேதும் இராது.

இழுதுமீன் காட்டிய ஒளி

இத்துணைச் சிறிய அளவை உயிருள்ள கலத்தினுள் எவ்வாறு காண்பது? வழிகாட்டியது ஒரு கடலுயிர். ஒசாமு சிமோமுரா என்னும் யப்பானிய அறிஞர், 1961ஆம் ஆண்டுக் கோடையில் ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஆயிரக்கணக்கான இழுதுமீன்களைப் பிடித்து, அவை ஏன் ஒளிர்கின்றன என ஆராய்ந்தார். முயற்சி பயனற்றதென எண்ணிச் சாற்றைத் தொட்டியில் ஊற்றியபோது, அங்கிருந்த கடல்நீருடன் கலந்து அது நீலமாய் ஒளிர்ந்தது. கடல்நீரின் கல்சியமே அவ்வொளியைத் தூண்டியது. அப்புரதத்தை 1962ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்து ஏக்குவோரின் எனப் பெயரிட்டனர். அதே இழுதுமீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர்புரதத்துக்காக 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு சிமோமுராவுக்கும் வேறிருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

சுண்ணம் மிகுந்த தெளிந்த நன்னீரில் வளர்ந்து, தன் மேனியிற் சுண்ணப்படை பூண்டிருக்கும் காரா என்னும் பாசி ஒன்றுண்டு. அதன் பெருங்கலங்களினுள்ளே குழியவுரு ஓடிக்கொண்டிருப்பதை 1774ஆம் ஆண்டிலேயே இத்தாலியரான கோர்த்தி கண்டிருந்தார். தூண்டினால் மின்னதிர்வு எழுந்து அவ்வோட்டம் சட்டென நிற்கும். வில்லியம்சனும் அஷ்லியும் 1982ஆம் ஆண்டில் ஏக்குவோரினை அக்கலத்துட் செலுத்திப் பார்த்தனர். ஓட்டம் நிற்கும் வேளையில் உள்ளே ஒளி எழுந்தது. கல்சியம் பன்மடங்கு உயர்ந்திருந்தது. மேனியெல்லாம் சுண்ணம் பூண்ட செடி, தன் உள்ளே அதனை ஒரு துளியளவாகக் காத்து, அத்துளியாற் தன் ஓட்டத்தையே நிறுத்தியது.

அடுத்த படி 1991ஆம் ஆண்டில் எடின்பரோவில் நிகழ்ந்தது. நைற், காம்பெல், சிமித், திறெவாவஸ் ஆகிய நால்வர், ஏக்குவோரினை ஆக்கும் மரபலகைப் புகையிலை இனச் செடியொன்றிற் புகுத்தினர். அச்செடி தானே தன் கல்சியத்தை ஒளியாகக் காட்டிற்று. தொட்டால் ஒளிர்ந்தது, குளிர்நீர் பட்டால் ஒளிர்ந்தது. காற்று அசைத்தாலும் அவ்வாறே நிகழ்வதை அடுத்த ஆண்டிற் காட்டினர். எமது தோட்டங்களிலே கச்சான் காற்றில் ஆடும் புகையிலைக் கன்றின் உறவினச் செடி, அசைவற்ற உயிர் என்று எண்ணப்பட்டது, ஒவ்வொரு வீச்சையும் உள்ளே குறித்துக்கொண்டிருந்தது என்பது அன்று விளங்கிற்று.

வாயில்களும் பம்பிகளும்

கல்சியம் உள்ளே வருதற்கும் மீண்டும் வெளியேறுதற்கும் சவ்வுகளில் எத்தகைய அமைப்புகள் உள்ளன என்பதை வேறு அறிஞர் ஆராய்ந்துவந்தனர். அவர் கண்டவற்றை மூவகையாகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது பம்பி. அடினோசின் முப்பொசுபேற்றைச் செலவிட்டுக் கல்சியத்தைக் குழியவுருவிலிருந்து வெளியே தள்ளும் புரதம் இது. கலத்தின் புறச்சவ்விலும் புன்வெற்றிடச் சவ்விலும் அகமுதலுருச் சிறுவலையிலும் இத்தகையன உண்டு.

இரண்டாவது மாற்றி. புன்வெற்றிடத்தினுள் ஐதரசன் அயன்கள் முன்னரே திரட்டப்பட்டிருக்கும். அதனாலேயே எலுமிச்சையின் சாறு புளிக்கின்றது. அவ்வயன்கள் வெளியே பாயும் விசையைக் கொண்டு கல்சியத்தை உள்ளே இழுக்கும் அமைப்பை, ஓட்ஸ் வேரின் சவ்வுகளிற் சூமேக்கரும் சீயும் 1985ஆம் ஆண்டிற் காட்டினர். அதற்குரிய மரபலகை 1996ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. தன் கல்சியத்தை ஒதுக்கிவைக்க இயலாது மடியும் மதுவத்தில் தாவர மரபலகைகளைப் புகுத்தி, எது அதனைப் பிழைக்கவைக்கின்றது எனத் தேடியே ஹேர்ஷியும் அவர்தம் துணைவரும் அதனைக் கண்டனர். மதுவமும் பூஞ்செடியும் ஒரே முறையை மரபுரிமையாகப் பெற்றுள்ளன என்பதும் அதனால் விளங்கிற்று.

மூன்றாவது கால்வாய். இது திறந்தவுடன் கல்சியம் தானே சரிந்து பாயும். ஆற்றற் செலவு வேண்டா. புன்வெற்றிடச் சவ்விலுள்ள அயன் கால்வாய்களை ஹெட்றிச், நேஹர் ஆகிய ஜேர்மானியர் 1987ஆம் ஆண்டில் அளந்தனர். குழியவுருவின் கல்சியத்துக்கேற்ப அவை இயங்குவதைக் கண்டனர். அக்கால்வாயை ஆக்கும் மரபலகை 2005ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கினால் ஒழுங்கு புலப்படும். கால்வாய் திறத்தல் செய்தியின் தொடக்கம். பம்பியும் மாற்றியும் அதனைத் துடைத்தல் செய்தியின் முடிவு. முடிவில்லாத செய்தி செய்தியாகாது. செய்தியைப் படித்தறியும் புரதங்களும் உண்டு. அவற்றுள் முதன்மையானது கல்மொடுலின். இதனை 1970ஆம் ஆண்டிற் சியுங் அமெரிக்காவிலும் காகியுச்சி யப்பானிலும் விலங்கு மூளையில் ஒருவரையொருவர் அறியாது கண்டனர். 1978ஆம் ஆண்டிற் தாவரத்திலும் அது உண்டு என்பது தெரிந்தது. கல்சியம் உயர்ந்தவுடன் கல்மொடுலின் அதனைப் பற்றிக்கொண்டு பல புரதங்களை ஏவுகின்றது. அவ்வாறு ஏவப்படுவனவற்றுட் சில பம்பிகளும் அடங்கும். ஆகவே செய்தி எழும்போதே அதனை அடக்கும் காவலும் விழித்தெழுகின்றது.

தீர்ப்பு

இப்போது போஸின் வழக்குக்கு மீள்வோம். பேர்டன் சாண்டர்சன் ஆராய்ந்த அதே வீனசுப் பொறிச்செடியை யப்பானியர் 2020ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தனர். பூச்சி உள்மயிரை ஒருமுறை தீண்டினாற் கல்சியம் உயருகின்றது; ஆயினும் பொறி மூடுவதில்லை. அவ்வுயர்வு மெல்லத் தணிகின்றது. ஏறத்தாழ 30 செக்கனுக்குள் மறுமுறை தீண்டினால், தணியாது எஞ்சிய கல்சியத்தோடு புதியது சேர்ந்து எல்லையைக் கடக்கின்றது, பொறி மூடுகின்றது. செடியின் நினைவு என்று நாம் வியப்பது, உட்சவ்வுகளின் பம்பிகள் இன்னும் துடைத்து முடிக்காத மீதியே.

போஸ் போற்றிய தொட்டாற்சுருங்கியும் 2022ஆம் ஆண்டில் விடையளித்தது. கல்சியத்தை ஒளியாற் காட்டும் தொட்டாற்சுருங்கியை யப்பானில் வளர்த்துப் பார்த்தபோது, காயம்பட்ட இடத்திலிருந்து கல்சிய உயர்வும் மின்னதிர்வும் ஒருங்கே பரவி, இலைக்காம்பின் மூட்டை அடைந்ததும் இலை கூம்பியது. கல்சியத்தைத் தடுத்தால் அசைவும் தடைப்பட்டது. மூட்டில்லாது அசைய இயலாத செடிகளை வெட்டுக்கிளிகள் மிகுதியாக உண்டன. கூம்புதல் வீண் நாணம் அன்று, தற்காப்பு என்பது புலனாயிற்று.

ஆகவே தீர்ப்பை இவ்வாறு கூறலாம். தாவரம் உணர்ந்து செய்தி அனுப்புகின்றது என்பதிற் போஸ் வென்றார். அதற்கு விலங்கின் நரம்பை உவமையாகக் கொண்டு, உவமையையே பொருளாக்கியதில் அவர் வெல்லவில்லை. சாண்டர்சனோ, எல்லாச் செடிக்கும் உரியதைச் சில செடிக்கே உரியதெனச் சுருக்கியதிற் தோற்றார். சொல்லை அளந்து வழங்கவேண்டும் என்று எச்சரித்ததில் முற்றாகத் தோற்றார் எனல் ஆகாது.

எம்மவரிடையே இருவகைப் பேச்சைக் கேட்கின்றோம். தொல்காப்பியத்து மரபியல் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வுடைய ஓரறிவுயிராக வகுத்ததைக் காட்டி, இவையாவும் எம் முன்னோர் அறிந்தவையே என்பார் ஒருசாரார். எல்லாம் மேலைநாட்டார் தந்தவையே, கீழைநாட்டார் கற்பனையாளர் என்பார் மற்றொரு சாரார். இருவரும் வரலாற்றுக்கு அநீதி செய்கின்றனர். புல்லையும் மரத்தையும் உயிர் வரிசையில் நிறுத்தியது கூர்ந்த நோக்கு. ஆனால் கல்சியத்தை அளத்தல் வேறு தொழில். அதனை வகுப்பறையிற் கலந்து கூறினால், முன்னோர் கூற்றின் பெருமையும் பின்னோர் உழைப்பின் பெருமையும் ஒருங்கே மறையும். ஒல்லாந்தர், ஆங்கிலேயர், வங்காளி, யப்பானியர், ஜேர்மானியர், அமெரிக்கர் எனப் பல நாட்டார் ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் தொடர்ந்தமையாலேயே இவ்வறிவு பிறந்தது. அத்தொடரிற் போஸுக்கு உரிய இடம் பெரிது. அதனினும் பெரிதாக்கப் பொய் வேண்டுவதில்லை.

எமது நிலத்துக்கு இதனாற் பயன்

குடாநாட்டின் பெருங்கவலைகளுள் ஒன்று கிணறு உவராதல். நன்னீரை மிகையாக இறைத்தாற் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாகக் கடல்நீர் புகுகின்றது. உவரை உணரும் வேரிலும் முதற் செய்தி கல்சியமே. வேரில் உப்புப் பட்டவுடன் கல்சிய அலை ஒன்று செக்கனுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் வேகத்திற் பரவித் தண்டையும் இலையையும் எச்சரிப்பதை, அமெரிக்காவின் விஸ்கொன்சினிற் கில்றோய் குழுவினர் 2014ஆம் ஆண்டிற் காட்டினர். முன்னர்க் கூறிய புன்வெற்றிடச் சவ்வின் கால்வாய் இல்லாத செடியில் அவ்வலை மந்தமாயிற்று. வேரினுட் கல்சியச் செய்தியைப் படித்து, சோடியத்தை வெளியேற்றும் பணியைத் தொடக்கும் புரதம் ஒன்று அதற்கு முன்னரே, 1998ஆம் ஆண்டில், அறியப்பட்டிருந்தது.

இதனினும் எளிய சான்று ஒன்றுண்டு. லாஹேயும் எப்ஸ்டைனும் 1969ஆம் ஆண்டிற் போஞ்சிச் செடிகளைக் கடல்நீரின் பத்திலொரு பங்கு உப்புள்ள கரைசலில் வளர்த்தனர். கல்சியம் குறைந்தவிடத்துச் செடிகள் பெரிதும் கெட்டன. கல்சியம் போதியவிடத்துத் தாங்கின. சுண்ணக்கல்லின் மேலுள்ள எமக்கு அக்குறை இராது என எண்ணிவிடலாகாது. மண்ணிற் கல்சியம் இருத்தல் வேறு, அது வேண்டிய கலத்தை வேண்டிய பொழுதில் அடைதல் வேறு. கல்சியம் நீரோட்டத்துடன் மேலே செல்லும். இலையை அடைந்தபின் பெரும்பாலும் மீளாது. நீர்ப்பாய்ச்சல் ஒழுங்கற்றுப் போனால், சுண்ணம் நிறைந்த நிலத்திலும் தக்காளியின் அடிப்புறம் கல்சியமின்றிக் கறுத்து அழுகும்.

1974ஆம் ஆண்டில் வளாகமாகத் தொடங்கி 1979ஆம் ஆண்டிற் தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எமக்கு உண்டு. ஆயின் பல்கலைக்கழகத்தை அடைதற்கு முன்னரே வினவும் பழக்கம் அமைதல் வேண்டும். கல்லூரி முற்றத்திலே நன்னீர், உவர்நீர், சிப்சம் கரைத்த உவர்நீர் என மூன்று பாத்திகளுக்கு வெவ்வேறு நீரூற்றிப் போஞ்சி வளர்த்து, இலையையும் உயரத்தையும் நாள்தோறும் அளந்து குறித்தற்குப் பெருஞ்செலவு இல்லை. ரிங்கர் குழாய்நீரையும் வடிநீரையும் வேறுபடுத்திப் பார்த்ததற்கு மேலாக இதில் யாதும் வேண்டியதில்லை. இவ்வாண்டு எமது மாணாக்கர் இதனைச் செய்து, கண்டதைக் கண்டவாறே எழுதி, அடுத்த மலருக்கு அளிப்பாராயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் கைகூடியதாகும்.